தொண்டை கட்டிக்கொண்ட வாரம்

நான் பேசி யாரும் எதையும் கற்றுக்கொண்டதற்கு இதுவரை உறுதியான ஆதாரம் கிடைக்கவில்லை. பேசாமல் இருந்ததால் ஒருத்திக்கு வேலை கிடைத்தது. இருபது வருடத்துக்கு மேல் வாயை முதலாகப் போட்டுப் பிழைப்பவன் இதை ஒப்புக்கொள்வது கொஞ்சம் சங்கடம்தான்.

கும்மிடிப்பூண்டிக்குச் சற்று முன்னால் நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் வரும் ஒரு பொறியியல் கல்லூரியில், இயந்திரவியல் துறை ஆசிரியன் நான். பொருட்களின் வலிமை என் பாடம். ஓர் உத்தரம் எவ்வளவு பாரம் தாங்கும், எப்போது வளையும், எப்போது உடையும் என்று கணக்குப் போட்டுச் சொல்லும் படிப்பு. வேப்பம்பட்டிலிருந்து பெரியபாளையம் வழியாகத் தினமும் கல்லூரிப் பேருந்தில் போய்வருகிறவனின் முதுகெலும்பு எவ்வளவு தாங்கும் என்பது மட்டும் பாடத்திட்டத்தில் இல்லை.

வகுப்பு முடியும்போது “புரிஞ்சுதா?” என்று கேட்பேன். “புரிஞ்சுது சார்” என்று அறை முழுவதும் ஒரே குரலாகச் சொல்லும். மாலை வகுப்பென்றால் இன்னும் சத்தமாகப் புரியும். வெளியே பேருந்துகள் என்ஜினை முடுக்கிக்கொண்டு நிற்கும். புரியவில்லை என்று எவனாவது சொன்னால் நான் இன்னொரு முறை சொல்வேன், பஸ் போய்விடும், அவன் நண்பர்களை இழப்பான். ஆகவே எல்லோருக்கும் எல்லாமும் புரிந்தது. பரீட்சைத் தாள் திருத்துகிறவருக்கு மட்டும் அது புரியவில்லை.

இந்தக் கோரஸ் எனக்குப் பிறப்பிலேயே பழக்கம். திருவள்ளூரில் கோயில் கைங்கர்யம் செய்யும் குடும்பம் எங்களுடையது. பெருமாள் புறப்பாட்டின்போது கோஷ்டியில் நின்று பாசுரம் சேவிக்க வேண்டும். இருபது பேர் சேர்ந்து முழங்கும்போது யாருக்கு மனப்பாடம், யார் வெறுமனே வாயசைக்கிறார்கள் என்று கண்டுபிடிக்க முடியாது. எங்கள் தலைமுறையில் பாதிப் பேர் சிறந்த வாயசைப்பாளர்கள். அவர்களில் பலர் இன்று வெளிநாட்டில் நல்ல நிலைமையில் இருக்கிறார்கள்.

இனி அந்தப் பெண்ணைப் பற்றி. கோடை விடுமுறையில் எங்கள் கல்லூரி ஆசிரியர்களுக்குப் பிள்ளை பிடிக்கும் வேலை ஒன்று உண்டு. ஊர் ஊராகப் போய், ப்ளஸ் டூ முடித்த பிள்ளைகளின் வீட்டில் உட்கார்ந்து, மோர் குடித்து, கல்லூரியின் பெருமையைச் சொல்லிச் சேர்க்க வேண்டும். அப்படி ஊத்துக்கோட்டை பக்கம் ஒரு வீட்டுக்குப் போனேன். நெல் விவசாயக் குடும்பம். அப்பாவுக்கு மகளை டீச்சருக்குப் படிக்கவைக்க ஆசை. மகளுக்கு மெஷின். நான் பளபளப்பான விளம்பரத் தாளைப் பிரித்துக் காட்டினேன். அவர் அதைப் பார்க்கவே இல்லை. என்னைப் பார்த்தார்.

“பொட்டப்புள்ள, மெக்கானிக்கல் படிச்சா வேலை கெடைக்குமா சார்?”

“கெடைக்கும்.”

“நீங்க சொல்றீங்க. சேத்து உடறேன்.”

கையெழுத்தும் கேட்கவில்லை, சாட்சியும் கேட்கவில்லை. அந்த மாதிரி ஆட்களிடம்தான் மாட்டிக்கொள்ளக் கூடாது.

நாலாம் வருடத்தில் அவளுக்கு வேலை கிடைக்கத்தான் செய்தது. தேர்வாய் கண்டிகையில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலை வளாகத் தேர்வில் அவளை எடுத்துக்கொண்டது. ஒரே நிபந்தனை: சேரும் நாளில் ஒரு அரியர் கூட இருக்கக் கூடாது. அவளுக்கு இருந்தது ஒரே ஒரு அரியர். என் பாடம். இரண்டு தடவை எழுதி இரண்டு தடவையும் விழுந்திருந்தாள். இனி ஒரு வாய்ப்புத்தான். அதிலும் போனால் வேலை வேறு யாருக்காவது போய்விடும்.

அரியர்காரர்களுக்கு மாலையில் தனி வகுப்பு எடுக்கச் சொல்லி எனக்கு உத்தரவு வந்தது. அவள் முதல் பெஞ்சில் உட்கார்ந்தாள். நான் “புரிஞ்சுதா?” என்றதும் முதலில் கேட்கும் “புரிஞ்சுது சார்” அவளுடையது.

அந்தச் சமயத்தில்தான் கல்லூரியில் எங்களுக்கு ஒரு பயிற்சி நடத்தினார்கள். சென்னையிலிருந்து வந்த பயிற்சியாளர் கழுத்தில் மைக்கை மாட்டிக்கொண்டு, பரீட்சையில் போய் மாணவருக்குப் புரியவில்லை என்று தெரிந்துகொள்வது போஸ்ட்மார்ட்டம் என்றார். பாடத்தின் நடுவிலேயே, பத்து நிமிடத்துக்கு ஒரு கேள்வி கேட்டு, நாலு விடை கொடுத்து, வகுப்பு முழுவதையும் ஒரே நேரத்தில் பதில் சொல்லவைத்தால் அது வைத்தியம். எல்லோரும் போனில் பதிலை அழுத்தினால் திரையில் உடனே கணக்கு வந்துவிடுமாம். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். மாணவன் கையில் போனைக் கண்டால் பிடுங்கி அலுவலகத்தில் ஒப்படைப்பதும் எங்கள் பணிகளில் ஒன்று.

போனுக்குப் பதிலாக அட்டை வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றியது. என் மனைவி வந்த கல்யாணப் பத்திரிகை எதையும் தூக்கிப் போடமாட்டாள்; முன்பக்கம் சாமி படம் இருப்பதால் குப்பையில் போட மனசு வராது. அலமாரி நிறைய இருந்த அந்தத் தம்பதிகளை எல்லாம் சதுரம் சதுரமாக வெட்டி, பின்பக்கம் ஸ்கெட்ச் பேனாவால் ஏ, பி, சி, டி எழுதி, ஆளுக்கு நாலு கொடுத்தேன். ஓரத்தில் மஞ்சள் தடவிய அட்டைக்குக் கொஞ்சம் போட்டி இருந்தது, பாஸாக்கும் என்று. கேள்வியைப் படிப்பேன், நாலு விடைகளையும் படிப்பேன், “ம்” என்பேன், அட்டை உயரும்.

முதல் நாளே அதிசயம். முதல் கேள்விக்குச் சரியான விடை சி, வகுப்பு முழுவதும் சி. அடுத்தது ஏ, வகுப்பு முழுவதும் ஏ. பிள்ளையாரும் வெங்கடாசலபதியும் பிள்ளைகளைப் பார்த்து அருள்பாலிக்க, என் பக்கம் திரும்பிய பின்பக்கத்தில் சரியான விடை. இரண்டு வாரம் இப்படியே போயிற்று. எனக்குத் தலைகால் புரியவில்லை. துறைத் தலைவரிடம் சொன்னேன். அவர் மற்ற ஆசிரியர்களுக்கு இந்த முறையை விளக்கிக் காட்டச் சொன்னார். காட்டினேன். இரண்டு இடத்தில் கைதட்டல் எதிர்பார்த்து நிறுத்தவும் செய்தேன்.

பக்கத்து மேஜையில் வெப்பவியல் எடுக்கும் மேடம் மட்டும் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே கேட்டார்.

“எல்லாரும் எல்லாத்தையும் கரெக்டா சொல்றாங்க இல்ல சார்?”

“ஒண்ணு விடாம.”

“அப்ப அரியர் கிளாஸ்ல இன்னா சார் பண்றாங்க?”

பொறாமை என்று எடுத்துக்கொண்டேன். அதைவிட வசதியான விளக்கம் அந்த நேரத்தில் கையில் இல்லை.

பிறகு தொண்டை போயிற்று. காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் கிளப்பும் புழுதியை மூக்கால் வடிகட்டிக்கொண்டே அத்தனை வருடம் ஓடிவிட்டது. ஒரு காலையில் எழுந்து காபி கேட்டால் காற்றுதான் வருகிறது. டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, ஒரு வாரம் ஒரு வார்த்தை பேசக் கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது என்றார். என் மனைவி அவரிடம், வாரத்தைக் கொஞ்சம் கூட்டிப் போட முடியுமா என்று விசாரித்தாள்.

பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. வகுப்பை ரத்து செய்ய மனமில்லை. அட்டை இருக்கிறதே, போர்டில் எழுதிப்போட்டால் போகிறது என்று போனேன். “தொண்டை போச்சு. இன்று எழுத்து மட்டும்” என்று போர்டில் எழுதினேன். அப்புறம் கேள்வி. ஒரு செவ்வக உத்தரம். அகலத்தை அப்படியே வைத்துக்கொண்டு உயரத்தை மட்டும் இரண்டு மடங்காக்கினால், உடையாமல் எவ்வளவு அதிகப் பாரம் தாங்கும்? ஏ, அதே பாரம். பி, இரண்டு மடங்கு. சி, நாலு மடங்கு. டி, எட்டு மடங்கு. போன வாரம்தான் நடத்தியிருந்தேன். அத்தனை பேருக்கும் புரிந்திருந்தது.

திரும்பி நின்று, “ம்” என்பதற்குப் பதிலாகத் தலையாட்டினேன்.

ஒரு அட்டைகூட உயரவில்லை. யாரும் போர்டைப் பார்க்கவும் இல்லை. எல்லோரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஊருக்குப் போன பஸ் திரும்பி வருமா என்று பார்ப்பதுபோல.

“சார், ஒரு வாட்டி படிச்சுக் காட்டுங்க சார்” என்றான் பொன்னேரியிலிருந்து வரும் பையன். ரயில்வே ஸ்டேஷன் அறிவிப்புபோல ஏற்ற இறக்கமே இல்லாத குரல் அவனுக்கு. நான் தொண்டையைத் தொட்டுக் காட்டினேன்.

“போச்சு, பேஜாரு” என்றது பின்பெஞ்சு.

மறுபடி தலையாட்டினேன். ஒவ்வொன்றாக அட்டைகள் வந்தன. ஏ வந்தது. பி நிறைய வந்தது. சி, டி எல்லாம் வந்தன. ஒருவன் எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு அட்டை காட்டினான். இன்னொருவன் அட்டையைத் திருப்பிப் பிடிக்க, முருகன் வள்ளி தெய்வானையோடு என்னைப் பார்த்தார். முதல் பெஞ்சில் அவள் டி காட்டினாள், என் முகத்தைப் பார்த்தாள், சி-க்கு மாற்றினாள், மறுபடி பார்த்தாள், டி-க்கே திரும்பினாள்.

எனக்கு அப்போது சம்பந்தமில்லாமல் அப்பா நினைவுக்கு வந்தார். கோஷ்டியில் அவர்தான் முன்னால் நின்று தொடங்குவார். எல்லோரும் அவர் குரலைப் பிடித்துக்கொண்டு போவோம். எப்போதாவது பாசுரத்தின் நடுவில், வேண்டுமென்றே, சட்டென்று தன் குரலை நிறுத்திவிடுவார். மனப்பாடமானவர்கள் பாட்டுக்குப் போய்க்கொண்டிருப்பார்கள். மற்றவர்கள் கரை ஏறிய மீனாகி வாயை மட்டும் திறந்து மூடுவோம். அவர் திரும்பிப் பார்க்கக்கூட மாட்டார். மறுநாள் காலையில் யாரை அழைத்து உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்துவிடும், அவ்வளவுதான். சென்னையிலிருந்து மைக்கோடு வந்தவர் அரை நாள் விளக்கியது இதைத்தான் என்று எனக்கு விளங்க, தொண்டை போக வேண்டியிருந்தது.

போர்டில் எழுதினேன்: “போன வாரம் எல்லாரும் எப்படிச் சரியாகச் சொன்னீர்கள்?”

அறை தரையைப் பார்த்தது. கடைசியில் அவள்தான் எழுந்தாள்.

“சார், தப்பா எடுத்துக்கக் கூடாது. நீங்க தப்பான ஆன்ஸரெல்லாம் கடகடன்னு படிச்சுக்கினே போவீங்க. கரெக்ட் ஆன்ஸர் வந்தா மட்டும் கொஞ்சம் நிப்பீங்க. கண்ணாடிய மேல ஏத்தி உட்டுக்குவீங்க. அப்புறந்தான் படிப்பீங்க.”

என் கை அந்த நேரத்தில் கண்ணாடிமேல் இருந்தது. இறக்கிக்கொண்டேன்.

“எல்லாருக்குமே தெரியும் சார்” என்றான் பொன்னேரிப் பையன், அடுத்த ரயில் இரண்டாவது நடைமேடையில் என்கிற தொனியில். “நீங்க பாவம் பாத்து ஹெல்ப் பண்றீங்கன்னு நெனச்சுக்கினு இருந்தோம். பெரிய மனசுன்னு கேன்டீன்ல பேசிக்குவோம்.”

சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அவள் சிரிக்கவில்லை. இன்னும் நின்றுகொண்டிருந்தாள்.

“எக்ஸாம் ஹால்ல நீங்க வர மாட்டீங்களே சார்” என்றாள். “நைனா ஊர்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டாரு, பொண்ணு கம்பெனிக்குப் போவுதுன்னு. நானும் இவ்ளோ நாளா எல்லாத்துக்கும் கரெக்ட் அட்டை தூக்குறமே, இந்த வாட்டி பாஸுதான்னு நெனச்சுக்கினு இருந்தேன்.”

பேச முடிந்திருந்தால் நான் நிச்சயம் ஏதாவது ஆறுதல் சொல்லி, அந்தத் தருணத்தைக் கெடுத்து, அந்தப் பாடத்தை முதலிலிருந்து மறுபடி நடத்தியிருப்பேன், அதே கண்ணாடியோடு. முடியவில்லை. ஆகவே போர்டில், “பக்கத்தில் இருப்பவர் வேறு அட்டை தூக்கினால், ஏன் என்று கேள்” என்று எழுதிவிட்டு மேஜை ஓரமாக உட்கார்ந்தேன்.

முதலில் முணுமுணுப்பு. அப்புறம் சந்தை. நான் இருக்கிறேன் என்பது அவர்களுக்குச் சீக்கிரமே மறந்துவிட்டது. பேசாத ஆசிரியனும் அணைத்துவைத்த மின்விசிறியும் ஒன்று. எழுந்து பெஞ்சு பெஞ்சாக நடந்தேன். என் பாடத்தைப் பற்றி என் மாணவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்பதை அன்றுதான் முதல்முறையாகக் கேட்டேன். சுவாரஸ்யமாக இருந்தது, பல இடங்களில் பயமாகவும் இருந்தது.

அவள் பொன்னேரிப் பையனோடு மல்லுக்கு நின்றிருந்தாள். அவன் சி. பரீட்சைக்கு முதல் நாள் மஞ்சள்காமாலையில் விழுந்ததால் அரியர் வாங்கியவன். அறிவால் தோற்கவில்லை, கல்லீரலால் தோற்றவன்.

“புக்குல இன்னா போட்டிருக்கு? உயரத்துக்கு க்யூப். ரெண்டுக்கு க்யூப் எட்டு. அப்ப எட்டு மடங்குதான்” என்றாள்.

“அது வளையறதுக்கு. சார் கேட்டது ஒடையறதுக்கு.”

“ரெண்டும் ஒண்ணுதானடா. வளைஞ்சாதான ஒடையும்.”

அவன் தன் பிளாஸ்டிக் ஸ்கேலை எடுத்துப் படுக்கைவாட்டில் வளைத்தான், வளைந்தது. நிமிர்த்திப் பிடித்து வளைத்தான், வளைய மறுத்தது. “பாத்தியா, உயரம் ஜாஸ்தியானா வளையறது ரொம்பக் கம்மியாவுது. அது எட்டு மடங்கு. ஆனா ஓரம் இருக்கு பாரு, அது நடுவுலேருந்து ரெண்டு மடங்கு தள்ளிப் போய்டுச்சு. அதே அளவு வளைச்சாலும் அந்த ஓரத்துக்கு ரெண்டு மடங்கு இழுப்பு. அங்கதான் மொதல்ல புட்டுக்கும். எட்ட ரெண்டால வெட்டு.”

அவள் ஸ்கேலைப் பிடுங்கி, தானே வளைத்தாள். விட்டாள். மறுபடி வளைத்தாள்.

“அப்ப வளையறது வேற கணக்கு, ஒடையறது வேற கணக்கா?”

“பின்ன?”

“நான் ரெண்டு வாட்டியும் ஒடையறதுக்கு வளையற கணக்கத்தான் போட்டுவச்சேன்” என்றாள், அவனிடம் அல்ல, ஸ்கேலிடம். “ஒருத்தரும் சொல்லலயே.”

ஒருவரும் சொல்லவில்லைதான். தாளில் சிவப்புப் பெருக்கல் குறி இருந்திருக்கும். அந்தக் குறி தப்பு என்று சொல்லும், எந்தத் தப்பு என்று சொல்லாது. நான் அவளைக் கேட்ட ஒரே கேள்வி “புரிஞ்சுதா?” அதற்கு அவள் மரியாதையாகப் பதில் சொல்லிவந்திருக்கிறாள்.

வாரம் முழுவதும் இப்படியே நடந்தது. நான் கேள்வியை எழுதுவேன், முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வேன், அட்டை உயரும், பலவிதமாக உயர்ந்தால் சந்தை கூடும். எங்கே எல்லோரும் ஒரே தப்பு விடையில் கூடுகிறார்களோ அங்கே மட்டும் நான் படம் போட்டுக் காட்டுவேன். மற்றதை அவர்களே ஒருவருக்கொருவர் திட்டிக்கொண்டு கற்றார்கள். வகுப்பு முடிவில் துண்டுத்தாளில் பேர் போடாமல், இன்று எது புரியவில்லை என்று ஒரு வரி எழுதித் தரச் சொன்னேன். பாதி உருப்படியாக வந்தது. ஒன்றில், “சாரோட கையெழுத்து” என்றிருந்தது. இன்னொன்றில், “சார் எப்போ பேசுவார்?” என்றிருந்தது. பாசம் என்று முதலில் நினைத்தேன். எத்தனை நாள் நிம்மதி என்று தெரிந்துகொள்ளும் ஆவல் என்று மேடம் திருத்தினார்.

அவள் அட்டைகளை நான் தனியாகக் கவனித்துக்கொண்டேன். முதல் இரண்டு நாள் என் முதுகையாவது படிக்க முடியுமா என்று பார்த்தாள். மூன்றாம் நாளிலிருந்து போர்டைப் பார்த்தாள். தப்பு அட்டை தூக்கினால் கீழே இறக்குவதில்லை; அதைப் பிடித்துக்கொண்டே பக்கத்தில் திரும்பி, “இன்னாத்துக்கு இது இல்ல, சொல்லு” என்று சண்டைக்குப் போனாள்.

குரல் திரும்பி வந்தது. யாரும் ஆரத்தி எடுக்கவில்லை. அதற்குப் பிறகும் கேள்விகளைப் படிக்கும் பொறுப்பைப் பொன்னேரிப் பையனிடமே விட்டேன். அந்தக் குரலில் சரியான விடையும் தப்பான விடையும் ஒரே நேரத்துக்கு, ஒரே நடைமேடைக்கு வரும். நான் கடைசி பெஞ்சுக்குப் பின்னால் நின்றுகொண்டேன், கண்ணாடியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு. கண் தெரியாவிட்டாலும் பரவாயில்லை.

பரீட்சை முடிந்து வெளியே வந்தவள் நேராக என்னிடம் வந்தாள். “வளையறதையும் ஒடையறதையும் தனித்தனியா கேட்டிருந்தாங்க சார்” என்றாள். “எது எதுன்னு தெரிஞ்சுது.” அதற்குமேல் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. முடிவு வந்த அன்று மதியம் போன் அடித்தது. ஆண் குரல்.

“சார், பாப்பா பாஸு. நீங்க அன்னிக்கு ஊட்டுக்கு வந்து சொன்னீங்க இல்ல, வேலை கெடைக்கும்னு.”

“சொன்னேன் ஐயா.”

“அதான், ஒரு வார்த்தை சொல்லலாம்னு” என்று வைத்துவிட்டார்.

நல்ல மதிப்பெண் என்று பொய் சொல்லமாட்டேன். பாஸ் கோட்டின்மேல் உராய்ந்துகொண்டு தாண்டியிருந்தாள். உத்தரம் தாங்கினால் போதும், தாங்கிய அழகுக்கு யாரும் மதிப்பெண் போடுவதில்லை.

சில மாதம் கழித்து, கவரைப்பேட்டை அருகே எங்கள் கல்லூரிப் பேருந்து டயர் பஞ்சராகி நின்றது. டீக்கடையில் நின்றுகொண்டிருந்தேன். ஒரு கம்பெனி பஸ் வந்து நிற்க, சீருடையில் இறங்கிய கூட்டத்திலிருந்து அவள் வந்தாள். எனக்கும் சேர்த்து டீ சொன்னாள். மறுக்கவில்லை, சம்பாதிக்கிறவள்.

வேலை எப்படி என்று கேட்டேன்.

“மொத வாரம் ட்ரெய்னிங் சார். சூப்பர்வைசர் ஒரு மெஷினைப் பத்தி அரை மணி நேரம் சொன்னாரு. சொல்லிட்டு, புரிஞ்சுதான்னாரு. எல்லாரும் புரிஞ்சுது சார்னாங்க.” அவள் டீயை ஊதினாள். “நான் இல்ல சார்னேன்.”

“அப்புறம்?”

“மொறைச்சாரு. இன்னா புரியலன்னாரு. எதுல ஆரம்பிச்சுப் புரியலையோ அதச் சொன்னேன். அப்புறம் பாத்தா, எனக்கும் அதான் புரியல, எனக்கும் அதான்னு எல்லாரும் ஆரம்பிச்சுட்டாங்க. அன்னிக்குச் சாப்பாட்டுக்கு லேட்டு சார். என்னைத் திட்டித் தீத்துட்டாங்க.”

எனக்கு ஏதோ சொல்ல வேண்டும்போல இருந்தது. நன்றி என்றுதான். ஆசிரியர் மாணவியிடம் டீக்கடையில் அதைச் சொல்வதற்குத் தோதான வாக்கியம் எதுவும் வாயில் சிக்கவில்லை. பழக்கதோஷத்தில் கண்ணாடியை மேலே ஏற்றிவிட்டுக்கொண்டேன். அவள் அதைப் பார்த்துச் சிரித்தாள். புரிந்திருக்கும்.

அவள் பஸ் ஹாரன் அடித்தது. இரண்டு அடி போனவள் திரும்பினாள்.

“தொண்டை இப்ப எப்பிடி சார் இருக்கு?”

“நல்லா ஆயிடுச்சும்மா. ஒரு தொந்தரவும் இல்ல.”

“அச்சச்சோ” என்றாள். “இந்த வருசத்துப் பசங்க பாவம் சார்.”